விசில் இல்லாத கண்டக்டர்: டென்வரில் ஆறு நாள்

ஏப்ரல் 8, இரவு

சிகாகோவில் இரண்டு வார அலுவலக வேலை முடிந்தது. கூட வந்தவர்கள் மிச்சம் இருந்த விடுப்புக்கு நயாகரா கிளம்பினார்கள். நான் டென்வர் என்றதும், "அங்கே யார் இருக்காங்க?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை. 1989-இல் இறந்துபோன ஒரு பெண் நாற்பத்தேழு வருஷம் வாழ்ந்த ஊர், அவ்வளவுதான்.

அம்மாவிடம் போனில், "ஒரு லேடி கண்டக்டர் இருந்த ஊரைப் பார்க்கப் போறேம்மா" என்றேன். "நம்ம ஊர் பஸ்லயே லேடி கண்டக்டர் இருக்காங்களேடி, அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்றாள். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. தமிழில் கண்டக்டர் என்றால் தோளில் பை, வாயில் விசில். நடத்துநர் என்று மாற்றினாலும் அதே பஸ்தான் வந்து நிற்கும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் குச்சியோடு நிற்பவருக்கு நம்மிடம் தனியாக ஒரு சொல் இன்னும் ஒட்டவில்லை.

இந்தக் கண்டக்டரின் பெயர் அன்டோனியா பிரிக்கோ. 1930-இல், இருபத்தேழு வயதில், பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். அதற்கப்புறம் அந்த உயரத்துக்கு ஏற்ற வேலை அவருக்கு அமையவே இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அப்படி இருந்தும் மனுஷி என்ன செய்தார் என்பதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

வந்து சேர்ந்ததே சரியில்லை. நான் டென்வர் வந்தேன், என் பெட்டி ஃபீனிக்ஸ் போய்விட்டது. கவுன்டரில் இருந்தவர் ஒரு படிவம் கொடுத்து, "நாளைக்கு வந்துடும்" என்றார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, நாளைக்கு வராது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயில் இருக்கிறது. 10 டாலர், நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. அறை எடுத்திருப்பது கொலராடோ மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் வீட்டு மாடியில். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு பெரிய சொம்பளவு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை நீட்டி, "முதல்ல இதைக் குடிங்க, அப்புறம் பேசலாம்" என்றார். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, சரியாக ஒரு மைல். கொடைக்கானலுக்கும் கீழேதானே என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் இந்தக் காற்றில் ஈரமே இல்லை. இதை எழுதும்போது மூக்கில் டிஷ்யூ சுருட்டி வைத்திருக்கிறேன். லேசாக ரத்தம்.

ஏப்ரல் 9

நேற்றுப் போட்டிருந்த அதே சுடிதார். தெருமுனையில் பழைய துணிக்கடை ஒன்றில் 12 டாலருக்கு ஒரு கோட்டு வாங்கினேன். பையில் யாரோ விட்டுப்போன சினிமா டிக்கெட் துண்டு இருந்தது. அதை எடுத்துப் போடவில்லை.

காலைச் சாப்பாடு பரிட்டோ. முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, அதன் மேல் 'கிரீன் சில்லி' என்று ஒரு குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துச் செய்வது. வழக்கமாகப் பன்றி இறைச்சி போடுவார்களாம், எனக்கு இறைச்சி இல்லாததே கிடைத்தது. 11 டாலர். காரம் என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இதைக் குழந்தைக்கு ஊட்டுவோம். ஆனால் சுட்ட மிளகாயின் வாசனை இருக்கிறதே, அது வேறு ரகம். தட்டை வழித்துத்தான் எழுந்தேன். பணம் கட்டும் திரை 18, 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் கேட்டது. கவுன்டர் பெண் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் தலைமைச் செயலகம். தங்க முலாம் பூசிய குவிமாடம், மேற்கு வாசலில் படிக்கட்டு. இந்தப் படிக்கட்டில்தான் ஒரு மைல் உயரம் குறிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் மூன்று இடத்தில்! 15-ஆம் படியில் 'கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே' என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 1969-இல் கல்லூரி மாணவர்கள் அளந்து பார்த்து, அது தப்பு, 18-ஆம் படிதான் என்று ஒரு வட்டத் தகடு பதித்தார்கள். 2003-இல் இன்னொரு தடவை அளந்தபோது 13-ஆம் படிக்கு இறங்கிவிட்டது. மூன்று படியிலும் ஏறி இறங்கி நின்று பார்த்தேன். மூச்சு வாங்கியது மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

15-ஆம் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது 'முதல் பெண்' என்ற பட்டம் ஞாபகம் வந்தது. பிரிக்கோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்கு நிறைய 'முதல்' கொடுப்பார்கள். 1930-இல் ஹாலிவுட் பௌல் வெளியரங்கில் நடத்திய முதல் பெண் என்பார்கள். ஆனால் எத்தெல் லெகின்ஸ்கா என்ற பெண் அதே இடத்தில் 1925-லேயே நடத்திவிட்டார். லெகின்ஸ்கா இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரர். பிறந்த பெயர் லிகின்ஸ். போலந்துப் பெயர் மாதிரி ஒலித்தால் கச்சேரிக்கு மவுசு என்று பெயரை மாற்றிக்கொண்டவர். பிரிக்கோவுக்குச் சந்தேகமில்லாமல் சேர வேண்டிய 'முதல்' நியூயார்க் பில்ஹார்மோனிக். 1938 ஜூலையில், லூவிஸன் ஸ்டேடியத்தில், கோடைக்கால வெளியரங்கக் கச்சேரி. அடுத்த வருஷம் நாடியா பூலான்ஷே என்ற இன்னொரு பெண் அதே ஆர்க்கெஸ்ட்ராவை அரங்கத்துக்குள்ளே நடத்தினார் என்பதால் சிலர் அந்தத் தகட்டையும் நகர்த்திப் பதிப்பார்கள். நகர்த்தட்டும். இத்தனை 'முதல்'கள் இருந்தும் 'இரண்டாவது', 'மூன்றாவது' என்று யாரும் எண்ணவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. கதவைத் திறப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மூடிவிடுவார்கள்.

பிற்பகலில் ஹிஸ்டரி கொலராடோ அருங்காட்சியகம். பிரிக்கோவின் காகிதங்கள் இங்கேதான் பாதுகாப்பில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நான் நேரே போய் நின்றேன், ஏதோ ரேஷன் கடை மாதிரி. முழுக்க முழுக்க என் முட்டாள்தனம். வாசலில் இருந்த இளைஞர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். அதுவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பெட்டி வரவில்லை.

ஏப்ரல் 10

பஸ் டிக்கெட் 2.75 டாலர், மூன்று மணி நேரத்துக்கு எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறும்போது ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் பணத்தைப் போட வேண்டும். அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது.

போனது சிட்டி பார்க். ஏரி, ஏரியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கனடா வாத்துகள், வாத்துகள் இருந்ததற்கான அடையாளம் நடைபாதை முழுக்க. செருப்பைப் பார்த்து நடந்தால் மலை தெரியாது, மலையைப் பார்த்து நடந்தால் செருப்பு போய்விடும். பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். அதன் மேற்குப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் நகரத்துக் கட்டடங்கள், அதற்குப் பின்னால் பனி போர்த்திய ராக்கி மலை, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். எல்லாரும் அங்கே நின்றுதான் படம் எடுக்கிறார்கள்.

நான் வந்தது டைனோசர் பார்க்க இல்லை. இந்த அருங்காட்சியகத்துக்குள் ஃபிப்ஸ் ஆடிட்டோரியம் என்று ஒரு கலையரங்கம் இருந்தது. பிரிக்கோ தன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய இடம் அது. 1980-களில் ராட்சதத் திரையோடு ஐமேக்ஸ் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கடலுக்கடியில் திமிங்கலங்கள் பற்றிய படம். பிரிக்கோ நின்றிருக்கக்கூடிய இடத்துக்கு நேராக ஒரு திமிங்கலம் வாயைத் திறந்தது. முன்வரிசைப் பையன் பாப்கார்னைக் கொட்டினான். பழைய மேடையின் தடம் ஏதாவது தெரியுமா என்று இருட்டில் துழாவியதுதான் மிச்சம்.

அந்த ஆர்க்கெஸ்ட்ரா வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிரிக்கோ டென்வருக்கு வந்தது 1942-இல். டென்வர் சிம்பொனிக்குக் கண்டக்டர் பதவி காலியாகும், தன்னையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. எடுத்துக்கொள்ளவில்லை. 1945-இல் சால் காஸ்டனை நியமித்தார்கள். பெர்லினையும் நியூயார்க்கையும் பார்த்தவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டில் பியானோ வகுப்பு நடத்தினார். அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் பாடகியான ஜூடி காலின்ஸ். 1948-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அவர் கைக்கு வந்தது. டாக்டர், வாத்தியார், கடைக்காரர் என்று பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், சாயங்காலம் வந்து வாசிப்பார்கள். சம்பளம் கிடையாது. அதன் பெயர் டென்வர் பிசினஸ்மென்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா! பெயரில் ஆண்கள், முன்னால் நிற்பது பெண். இருபது வருஷம் கழித்துத்தான் பெயரை பிரிக்கோ சிம்பொனி என்று மாற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் அதை விடவே இல்லை.

வெளியே வந்தபோது வானம் சாம்பல் நிறம். பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. பல் கிட்டியது. டாக்சி எடுத்தேன். ஓட்டுநர் எத்தியோப்பியர். சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்ட விதம் நம் ஊர் மாமா கேட்பது மாதிரியே இருந்ததால் உண்மையைச் சொல்லிவிட்டேன். அறைக்குப் போகிற வழியை மாற்றி நேராக அரோரா பக்கம் கொண்டுபோய் ஒரு கடை வாசலில் விட்டார். மீட்டரை முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

இஞ்செரா. சிறு தானிய மாவைப் புளிக்க வைத்து, தாம்பாளம் அகலத்துக்கு ஒரே பக்கம் வேக வைத்த தோசை. அதன் மேலேயே மசூர் பருப்பு, கடலைமாவுக் கூட்டு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் குவியல் குவியலாக வைத்துவிடுகிறார்கள். தட்டையே பிய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். 17 டாலர், இரண்டு பேருக்குப் போதும். மூன்று நாளுக்குப் பிறகு கையால் சாப்பிட்டேன், யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

வழியில் ஓட்டுநர் ஒரு கேள்வி கேட்டார். எதற்கு வந்தீர்கள் என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஆள் முன்னால் நின்று கையைத்தான் ஆட்டுகிறார், ஒன்றும் வாசிக்கவில்லையே. அவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் வாசிக்க மாட்டார்களா?" என்றார். நானும் பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கடை வந்துவிட்டது.

ஏப்ரல் 11

பனி. ஏப்ரல் மாதத்தில்! காலையில் திரை விலக்கினால் எதிர்வீட்டுக் கார் காணவில்லை, வெள்ளைக் குமிழ் ஒன்றுதான் இருக்கிறது. தலைவலி வேறு. வீட்டுக்காரம்மா, "மத்தியானம் உருகிடும், அவசரப்படாதீங்க" என்றார். எங்கும் போகவில்லை.

பத்து மணிக்குப் பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் பனியில் இழுத்துவந்ததில் ஒரு சக்கரம் போயிருந்தது. உள்ளே அம்மா கொடுத்த தட்டை மூன்று பாக்கெட், இரண்டு தூள். தூளாகாததை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்து, பூண்டா என்று கேட்டு, டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மத்தியானம் சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்து, என்னை இந்த ஊருக்கு இழுத்துவந்த ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். ஜூடி காலின்ஸும் ஜில் காட்மிலோவும் 1974-இல் எடுத்தது, 'அன்டோனியா'. ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். வீட்டுக்காரம்மாவும் தட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் அவருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிரிக்கோ 1902-இல் ராட்டர்டாமில் பிறந்தார். வளர்ப்புப் பெற்றோர் கையில், வில்ஹெல்மினா என்ற பெயரில், ஆறு வயதில் கலிபோர்னியாவுக்கு வந்தார். நகம் கடிக்கிற பழக்கத்தை நிறுத்தத்தான் பியானோவில் உட்கார வைத்தார்களாம். (எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய் தடவினார்கள். அதனால்தான் நான் எதுவும் ஆகவில்லை போலும்.) பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, 1927-இல் பெர்லின் இசைக் கழகத்தில் சேர்ந்தார். 1929-இல் கண்டக்டிங் உயர்வகுப்பை முடித்தார். அங்கே அதை முடித்த முதல் அமெரிக்கர் அவர்தான், ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய மேதை கார்ல் முக்கிடம் தனியாகவும் படித்தார். அடுத்த வருஷமே பெர்லின் பில்ஹார்மோனிக். நன்றாக இருந்தது என்று விமர்சகர்களே எழுதினார்கள்.

1933-இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில், வேலையில்லா இசைக்கலைஞர்களுக்காக நடந்த கச்சேரித் தொடரில் இரண்டை நடத்தினார். மூன்றாவது நடக்கவில்லை. ஒரு பெயர்பெற்ற பாடகர் பெண்ணின் கைக்குக் கீழே பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரிக்கோ அழுதுகொண்டு உட்காரவில்லை, 1934-இல் பெண்களை மட்டும் வைத்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கட்டினார். டிரம்பெட், டிரம்போன், டிம்பனி எல்லாம் பெண்கள். எலனார் ரூஸ்வெல்ட் ஆதரவு கொடுத்தார். கூட்டம் வந்தது. பெண்களால் முடியும் என்று காட்டியாயிற்று, இனிமேல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாசிக்கட்டும் என்று 1939-இல் ஆண்களைச் சேர்த்தார். அவ்வளவுதான், ஆதரித்தவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. பணமும் போய்விட்டது. விசித்திரம் என்பதால் பார்க்க வந்திருக்கிறார்கள், இசைக்காக இல்லை.

படத்தில் ஒரு காட்சி, அதற்காகத்தான் இதை மறுபடி போட்டேன். தன் சமையலறையில் பிரிக்கோ பேசிக்கொண்டே இருக்கிறார், சிரிப்பும் கிண்டலுமாக. திடீரென்று குரல் மாறுகிறது. வருஷத்துக்கு இத்தனை கச்சேரிதான் தனக்குக் கிடைக்கிறது, மாதத்துக்கு அத்தனை செய்யத் தன்னிடம் தெம்பு இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார். வருஷத்துக்கு ஐந்து. எழுபதைத் தாண்டிய அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஐந்து என்கிறார்.

நான் எட்டு வருஷம் வயலின் கற்று, கல்யாணத்தோடு விட்டவள். பெட்டி பரணில் இருக்கிறது. விட்டதற்கு ஆயிரம் காரணம் சொல்வேன், ஆனால் ஒன்று உண்மை: நினைத்தால் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, சுருதி சேர்த்து, பக்கத்து வீட்டார் திட்டினாலும் வாசிக்கலாம். பிரிக்கோவின் வாத்தியம் பரணில் இல்லை. அது எண்பது மனிதர்கள், அவர்களுக்கு ஒரு அரங்கம், அதற்கு ஒரு வாடகை. வீட்டில் இசைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் காற்றில் கையை வீச முடியும்? அதனால்தான் போன ஊரிலெல்லாம் ஆள் சேர்த்திருக்கிறார். நியூயார்க்கில் பெண்களை, டென்வரில் பல் டாக்டர்களை. சாதனை, லட்சியம் என்று நாம் பெயர் வைக்கிறோம். எனக்கென்னவோ, வாசிக்க ஒரு வாத்தியம் வேண்டும் என்று தானே மரம் வெட்டிச் செய்துகொண்ட மாதிரிதான் படுகிறது.

படம் முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார், கொஞ்சம் சத்தமாகவே.

ஏப்ரல் 12

சொன்ன மாதிரியே பனி உருகித் தெருவெல்லாம் சேறு. வெயில் மட்டும் மே மாதத்து மதுரை. காலையில் கோட்டு, பத்து மணிக்குக் கோட்டைக் கழற்று, நாலு மணிக்கு மறுபடி போடு.

சாயங்காலம் போட்சர் கச்சேரி அரங்கம். 1978-இல் திறந்தது. நடுவில் மேடை, சுற்றிலும் இருக்கைகள், நம் ஊர் தெருக்கூத்துக்கு உட்காருவது மாதிரி. இருப்பதிலேயே மலிவான டிக்கெட் 29 டாலர். அது ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் உட்கார வைக்கும் இடம். எனக்கு வேண்டியதும் அதுதான். மற்ற அரங்கில் கண்டக்டரின் முதுகைத்தான் பார்க்கலாம், இங்கே முகத்தைப் பார்க்கலாம்.

விளக்கு மங்குவதற்கு முன் பக்கத்து இருக்கைப் பெரியவர் பையிலிருந்து நான்கைந்து இருமல் மிட்டாயை எடுத்துத் தாளைப் பிரித்து, எனக்கும் ஒன்று கொடுத்தார். "நடுவில் பிரித்தால் சத்தம் வரும்" என்றார். சபாவில் நடுக் கச்சேரியில் போண்டாவுக்கு எழுந்துபோகும் கூட்டத்திலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

கண்டக்டர் இளைஞர். டாக்சிக்காரரின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். முதல் நாலு நிமிஷம் அவர் கையைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. வலது கை தாளம் போடுகிறது, சரி. அப்புறம் முகத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவர் எப்போதும் ஒரு நொடி முன்னால் இருக்கிறார். ஓபோ என்கிற குழல் எடுக்கப் போகிறது என்றால், எடுப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கி, வாசிப்பவளோடு சேர்ந்து மூச்சை இழுக்கிறார். ஓபோக்காரியும் அதே மூச்சை இழுக்கிறாள். சத்தம் வரும்போது இவர் அங்கே இல்லை, செல்லோ பக்கம் போய்விட்டார். இடது உள்ளங்கையை மெல்லக் கீழே அழுத்தினால் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் தணிகின்றன. ஒரு தடவை டிரம்பெட்காரர் கொஞ்சம் முந்திவிட்டார். கண்டக்டர் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்கெல்லாம் எதிரில் ஆள் வேண்டும். மூச்சை வாங்கிக்கொள்ள ஓபோக்காரி இல்லாவிட்டால் வெறும் புருவத்தை வைத்து என்ன செய்வது?

இடைவேளையில் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வருஷமாகக் கேட்கிறவராம். பிரிக்கோவை ஏற்காத டென்வர் சிம்பொனி பணமில்லாமல் கடையை மூடியது 1989-இல். அதே வருஷம் ஆகஸ்டில் பிரிக்கோ போய்விட்டார், எண்பத்தேழு வயது. மூடியதன் இடத்தில் கலைஞர்களே சேர்ந்து கட்டியதுதான் இன்றைக்கு நான் கேட்ட கொலராடோ சிம்பொனி. 1993-இல் அது யாரைத் தலைமைக்குக் கொண்டுவந்தது தெரியுமா? மாரின் ஆல்சாப், ஒரு பெண். பன்னிரண்டு வருஷம் இந்த மேடையில் இருந்தார். இங்கிருந்து போய் 2007-இல் பால்டிமோர் சிம்பொனிக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்குப் பெண் தலைமை என்பது அதுவே முதல் தடவை. பெரியவர் ஆல்சாப்பைப் பற்றி இடைவேளை மணி அடிக்கும்வரை பேசினார். பிரிக்கோவைக் கேட்டேன். "அவங்க நடத்தினது அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ரா இல்லையா?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அந்தக் குரலில். ஆனாலும் எனக்கு அந்த மிட்டாய் கசந்தது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். படம் வெளிவந்த அடுத்த வருஷம், 1975-இல், நியூயார்க்கின் மோட்சார்ட் விழாவுக்கு அழைப்பு வந்தது. மோட்சார்ட் இசைத்தட்டு ஒன்றும் வந்தது. எழுபத்து மூன்று வயதில். அவர் கை அப்படியேதான் இருந்தது, கூப்பிட்டவர்கள்தான் நாற்பது வருஷம் லேட்.

ஏப்ரல் 13

மத்தியான ரயில். உடைந்த சக்கரப் பெட்டியை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டுக் காலையில் ஷெர்மன் தெருவில் இருக்கும் சென்ட்ரல் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குப் போனேன். அறையிலிருந்து நடக்கிற தூரம்தான். 1890-களில் கட்டிய சிவப்புக் கல் கட்டடம். பிரிக்கோவின் அமெச்சூர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், டென்வர் பில்ஹார்மோனிக் என்று பெயர் மாறி. அவர்கள் வாசித்துவந்த இந்தத் தேவாலயத்தின் மேடைக்கு அன்டோனியா பிரிக்கோ மேடை என்று பெயர்.

நான் வந்த வாரத்தில் கச்சேரி இல்லை. முன் கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் சுற்றிப் போனால் ஒரு அம்மாள் கதவை முழங்கையால் தள்ளிப் பிடித்தபடி மடக்கு நாற்காலிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டேன். மேடையைப் பார்க்கலாமா என்றேன். "பார்க்கலாம், ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பார்க்க முடியாது" என்று இரண்டு நாற்காலியை என்னிடம் கொடுத்தார்.

பெரிய மேடை இல்லை. தரை மரம், நிறைய காலடி பட்டுப் பளபளப்பு போனது. அங்கங்கே ஒட்டுத்தாள் துண்டுகள்: நீலம், மஞ்சள், சில இடத்தில் பழையது உரிந்து பசை மட்டும். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கான அடையாளம். முன்னால் நடுவில் வெள்ளை நாடாவில் ஒரு பெருக்கல் குறி. ஓரமாக இசைத்தாள் ஸ்டாண்டுகள் கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் மாதிரி.

அரைவட்டமாக நாற்காலி போட்டோம். அந்த அம்மாள் வேகமாகப் போடுவார், நான் போட்டதை எல்லாம் அரை அடி திருத்துவார். "எல்லாருக்கும் அந்த இடம் தெரியணும்" என்று வெள்ளைக் குறியைக் காட்டினார். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துத்தான் திருத்துகிறார் என்று அப்புறம்தான் கவனித்தேன். இரண்டாவது வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இங்கிருந்து தெரியல, நீங்க போய் அங்கே நில்லுங்க" என்றார். போய் நின்றேன். எதிரில் முப்பத்திரண்டு காலி நாற்காலிகள். எண்ணிவிட்டேன். அந்த அம்மாள் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி உட்கார்ந்தார்.

"கையைத் தூக்குங்க" என்றார்.

தூக்கினேன்.

"ம், இப்ப தெரியுது. அடுத்தது."

அப்படி ஒரு வரிசை முழுக்கப் பார்த்து முடிக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது. ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.